மூளைக் கட்டி ஆபரேஷனுக்கு முன் மறுபடியும் எம்ஆர்ஐ எதற்கு?

சித்தப்பாவுக்கு எடுத்த எம்ஆர்ஐ கையில் இருக்கும்போது, 'நேவிகேஷனுக்கு' என்று இன்னொன்று கேட்கிறார்களே, பணம் பிடுங்கவா என்று மேலூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். இல்லை. மதுரையில் ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கும் என் காதில் அடிக்கடி விழுகிற கேள்விதான் இது.

முதல் ஸ்கேன் கட்டியைக் கண்டுபிடிக்க; இது ஆபரேஷனில் டாக்டருக்கு வழிகாட்ட, அதுதான் நேவிகேஷன். ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் தலை முழுக்கப் படம் எடுப்போம். படத்தையும் தலையையும் பொருத்திப் பார்க்க அடையாளமாக, சிலருக்கு நெற்றியைச் சுற்றிப் பொட்டு மாதிரி ஸ்டிக்கர் ஒட்டுவதுண்டு. "அரிக்குதுப்பா" என்று ஒரு பெரியவர் இரண்டைப் பிய்த்துவிட, திரும்ப முதலிலிருந்து. தியேட்டரில் அகச்சிவப்புக் கேமரா ஒன்று டாக்டரின் கருவியைப் பின்தொடர்ந்து, அதன் நுனி எங்கே நிற்கிறது என்று இந்தப் படத்தின் மேல் காட்டும்.

சிக்கல் என்னவென்றால், மண்டையோட்டைத் திறந்து மூளைத் தண்டுவட நீர் வடிந்ததும் மூளை கொஞ்சம் அமிழ்ந்து நகர்ந்துவிடும். தேரோட்டத்தன்று பழைய மேப்பை நம்பி மாசி வீதிக்குள் காரை விட்ட கதைதான். அதனால் நடுநடுவே அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்ப்பார்கள். வசதியுள்ள இடங்களில் தியேட்டரிலேயே எம்ஆர்ஐ உண்டு.

அப்புறம் 5-ஏஎல்ஏ, கட்டியை ஒளிர வைத்து டாக்டருக்குக் காட்டிக்கொடுக்கும் மருந்து. வேகமாக வளரும் க்ளையோமா (மூளையின் துணை செல்களில் உருவாகும் கட்டி) என்றால், சுமார் 3 மணி நேரம் முன்பு இதைக் குடிக்கக் கொடுப்பார்கள். நீல ஒளியில் கட்டி இளஞ்சிவப்பாக மின்னும். 2006-ல் வெளியான ஜெர்மன் ஆய்வில், ஸ்கேனில் தெரிந்த கட்டியை முழுதாக எடுக்க முடிந்தவர்கள் இந்த முறையில் 65%, சாதாரண வெளிச்சத்தில் 36%. மெதுவாக வளரும் கட்டிகள் பெரும்பாலும் மின்னாது. குடித்த பிறகு ஒரு நாளாவது வெயில் படக்கூடாது, நம்ம ஊர் வெயில் கேட்கவே வேண்டாம்.