புனைபெயர் வேண்டாம், தம்பி

கேள்வி: என் அப்பா, அம்மா இருவரும் நடிகர்கள். சபா நாடகங்களில் தொடங்கி, இன்று சின்னத்திரையில் எல்லோருக்கும் தெரிந்த முகங்கள். எனக்கு 26 வயது. நகைச்சுவைக் குறும்படங்கள் எடுக்கிறேன். படம் நன்றாக இருந்தால் ‘வீட்டிலேயே கற்றுக்கொண்டிருப்பான்’ என்கிறார்கள். சுமாராக இருந்தால் ‘அப்பா பெயரைக் கெடுக்கிறான்’ என்கிறார்கள். ஐடி நிறுவனத்தில் வேலை பார்க்கும் மூன்று நண்பர்களைப் பற்றி முதல் முழுநீளப் படத்துக்குக் கதை எழுதிவிட்டேன். அதைப் புனைபெயரில் இயக்கலாமா? பெற்றோரை அதில் நடிக்க வைப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். ஹாலிவுட் இயக்குநர் பென் ஸ்டில்லர் தன் பெற்றோரைப் பற்றி எடுத்த ஆவணப்படத்தை அண்மையில் பார்த்தேன். அவருக்கும் இதே நிலைதானே? எப்படித் தாண்டினார்?
— வாசகர், சென்னை

பதில்: புனைபெயர் யோசனையை முதலில் கைவிடுங்கள், தம்பி. படம் வெளியான ஒரு வாரத்துக்குள் நீங்கள் யார் மகன் என்று ஊருக்கே தெரிந்துவிடும். அப்புறம் ‘ஏன் மறைத்தார்?’ என்பதே செய்தியாகும். படத்தைப் பற்றிப் பேச ஆள் இருக்காது.

பென் ஸ்டில்லர் எப்படித் தாண்டினார் என்று கேட்கிறீர்கள். எனக்குத் தெரிந்து அவர் தாண்டவே இல்லை. பிறந்த வீட்டுக்குள் நின்றபடியே அந்த வீட்டின் தொழிலைக் கேலி செய்தார்.

அப்பா ஜெர்ரி ஸ்டில்லர், அம்மா ஆன் மேரா. 1960-களில் அமெரிக்கா முழுவதற்கும் தெரிந்த நகைச்சுவைத் தம்பதி. ஞாயிறு இரவுகளில் நேரலையாக வந்த எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் 30 தடவைக்கு மேல் மேடையேறியவர்கள். அவர் யூதர், இவர் ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். ஹெர்ஷி ஹோரோவிட்ஸ் என்ற குள்ளமான யூதப் பையனும் மேரி எலிசபெத் டாயில் என்ற நெட்டையான ஐரிஷ் பெண்ணும் சந்தித்துக்கொண்டால் என்ன பேசுவார்கள் என்று சொந்தக் கல்யாணத்தையே மேடைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த உரையாடல்களை வீட்டில் உட்கார்ந்துதான் எழுதினார்கள், ஒத்திகை பார்த்தார்கள். மூடிய கதவுக்குப் பின்னால் நடப்பது ஒத்திகையா, நிஜச் சண்டையா என்று பென்னுக்கும் அக்கா ஏமிக்கும் பல நேரம் புரியாதாம். ஆவணப்படத்தில் நீங்களே கேட்டிருப்பீர்கள்.

முதல் தடவை சொன்னபோது சிரிப்பு வராத வசனம், ஒரு சொல்லை இடம் மாற்றியதும் சிரிக்க வைப்பதைச் சின்ன வயதிலேயே கேட்டு வளர்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? பென் கலிபோர்னியாவில் திரைப்படம் படிக்கப் போய் ஓராண்டைக்கூட முடிக்காமல் திரும்பியவர். ஆகவே, ‘வீட்டிலேயே கற்றுக்கொண்டிருப்பான்’ என்கிறவர்களிடம் ஏன் கோபம்? ஆமாம் என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள்.

பெயர் கதவைத் திறக்கவில்லை என்றும் வாதாட வேண்டாம். 1986-ல் நியூயார்க் லிங்கன் சென்டரில் ‘தி ஹவுஸ் ஆஃப் ப்ளூ லீவ்ஸ்’ நாடகத்தில் பென் நடித்தார். 1971-ல் அதே நாடகம் நியூயார்க்கில் மேடையேறியபோது அதில் நடித்தவர் அவருடைய அம்மா. ஆனால், உள்ளே நுழைந்தவர் சும்மா இருக்கவில்லை. உடன் நடித்த ஜான் மஹோனியைச் சேர்த்துக்கொண்டு, அப்போது ஓடிய டாம் குரூஸ் படம் ஒன்றைக் கிண்டலடித்து ஒரு குறும்படம் எடுத்தார். ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்ற தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சி அதை ஒளிபரப்பியது. 1989-ல் அங்கேயே வேலையும் கிடைத்தது. குறும்படம் எடுக்க இடம் தர மாட்டார்கள் என்று தெரிந்ததும் சில வாரங்களிலேயே வெளியேறிவிட்டார். அடுத்து, தன் பெயரையே தலைப்பாக வைத்து ஒரு தொடர். 1992-ல் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கியதை ஒரே பருவத்தோடு நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகு, அதன் எழுத்துக்கு அமெரிக்கத் தொலைக்காட்சியின் பெரிய விருதான எம்மி வந்தது! பிரபலமான வீட்டுப் பிள்ளைக்குத் தோற்றாலும் மறுவாய்ப்பு சீக்கிரம் வரும்; அது உங்களுக்கும் வரும். அந்தச் சலுகைக்கு வெட்கப்பட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

எனக்குக் கவலை உங்கள் பெயரைப் பற்றியல்ல, கதையைப் பற்றி. நீங்கள் ஐடி நிறுவனத்தில் ஒரு நாளாவது வேலை பார்த்திருக்கிறீர்களா?

பென் எதைப் பார்த்துச் சிரித்தார் என்று பாருங்கள். 1996-ல் இயக்கிய ‘தி கேபிள் கை’ தொலைக்காட்சிப் பெட்டியே வளர்த்த ஒருவனின் கதை. அதன் ஊடே, முன்னாள் குழந்தை நட்சத்திரம் ஒருவன் தன் இரட்டைச் சகோதரனைக் கொன்ற வழக்கு டிவியில் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த வேடம் பென்னுடையது. நடிகர் வீட்டில் பிறந்தவருக்கல்லாமல் யாருக்கு இந்தக் குரூரமான நகைச்சுவை தோன்றும்? 2001-ல் ‘ஸூலாண்டர்’: அழகைத் தவிர வேறொன்றும் அறியாத ஆண் மாடல். 2008-ல் ‘டிராபிக் தண்டர்’: வியட்நாம் போர்ப் படம் எடுக்கப் போய், நிஜத் துப்பாக்கிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட நடிகர்கள். 1980-களில் போர்ப் படங்களில் நடித்தவர்கள் கொஞ்ச நாள் பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு, உண்மையிலேயே ராணுவத்தில் இருந்தவர்கள் போலப் பேசியதைப் பார்த்து வந்த எண்ணம் அது. 20 ஆண்டுகள் கையில் வைத்திருந்து எடுத்தார்.

நடிகரின் தற்பெருமையை யார் வேண்டுமானாலும் கேலி செய்யலாம். அந்தப் பெருமைக்கு அடியில் இருக்கும் பயம், நாளைக்குக் கூப்பிடுவார்களா என்ற அந்தப் பயம், வீட்டில் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஜெர்ரி ஸ்டில்லரே ‘சைன்ஃபெல்ட்’ தொடரில் ஃபிராங்க் கோஸ்டான்சாவாக வந்து புதிய தலைமுறையிடம் புகழ்பெற்றபோது அவருக்கு வயது 66. அதுவரை வாய்ப்புக்காகக் காத்திருந்த அப்பாவை மகன் பார்த்திருக்கிறார்.

உங்கள் வீட்டில் இந்த மாதிரி விஷயம் இல்லாமலா இருக்கும்? தொடரில் தன் பாத்திரம் செத்துப்போனதை, மாலை போட ஒரு புகைப்படம் கேட்டு ஆள் வந்தபோதுதான் நடிகர் தெரிந்துகொண்டார் என்று நான் கேள்விப்பட்டிருக்கிறேன். உங்கள் அம்மாவிடம் கேட்டால் இதைவிட நல்லதாகப் பத்துச் சொல்வார். அதை விட்டுவிட்டு ஐடி நிறுவனத்தின் காபி இயந்திரத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

பெற்றோரை நடிக்க வைக்க மாட்டேன் என்ற சபதமும் எதற்கு? 1994-ல் பென் இயக்கிய முதல் படம் ‘ரியாலிட்டி பைட்ஸ்’. வேலை தேடி வரும் கதாநாயகியிடம் பத்திரிகை ஆசிரியை ஒருவர், லிஃப்டில் ஏறிக்கொண்டே, ‘முரண்நகை என்றால் என்ன, சொல்லு’ என்கிறார். அந்தப் பெண் திணறுகிறாள், கதவு மூடிக்கொள்கிறது. அந்த ஆசிரியை ஆன் மேரா. வருவது கொஞ்ச நேரம்தான், ஆனால் படம் பார்த்தவர்கள் மறப்பதில்லை. ‘ஸூலாண்டர்’ மாடலின் ஏஜென்டாக ஜெர்ரி வருவார். இரண்டுமே பாசத்துக்காகச் செருகிய வேடங்கள் அல்ல. அந்தக் குரலும் அந்த வேகமும் அங்கே தேவைப்பட்டன. நீங்களும் அதே அளவுகோலை வையுங்கள். வேடத்துக்கு அம்மா பொருந்தினால் முறையாகக் கால்ஷீட் கேளுங்கள், சம்பளம் பேசுங்கள். எடிட்டிங்கில் அந்தக் காட்சி நிற்கவில்லை என்றால் வெட்டுங்கள். அவர்கள் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். உங்களைவிட நன்றாகப் புரிந்துகொள்வார்கள்.

ஆவணப்படத்தில் என்னை உறுத்திய பகுதி ஒன்று உண்டு. தொழிலுக்காகத் தங்களை விட்டுவிட்டுப் போன பெற்றோரைப் பற்றிப் பேச வந்த பென்னிடம், நீங்களும் அப்படித்தான் இருந்தீர்கள் என்று அவர் பிள்ளைகளே சொல்கிறார்கள். உங்களுக்கு 26 வயது, இப்போது சொன்னால் ஏறாது. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

உடனே செய்யக்கூடிய ஒரு காரியம். ஜெர்ரி வீட்டுப் பேச்சையெல்லாம் ஒலிநாடாக்களில் பதிந்து வைத்திருந்தார். ஆன் மேரா 2015-லும் ஜெர்ரி 2020-லும் இறந்த பிறகு, அந்த நாடாக்களை வைத்துத்தான் பென்னால் அந்தப் படத்தை எடுக்க முடிந்தது. உங்கள் பெற்றோர் பக்கத்து அறையிலேயே இருக்கிறார்கள். அடுத்த ஞாயிறு மத்தியானம் படப்பிடிப்பு இல்லை என்றால், சபா காலத்துக் கதைகளைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். பதிவு செய்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்பா ஒருவேளை சட்டை மாற்றிக்கொண்டு வருவார், பொறுத்துக்கொள்ளுங்கள்.