டயாலிசிஸ் ஏற்றியதும் குளிர் நடுக்கம்: கழுத்து ட்யூபில் கிருமியா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 58, சர்க்கரை நோயாளி. வாரம் 3 முறை டயாலிசிஸ். 3 மாதத்துக்கு முன் கழுத்தின் வலப்பக்கம் பெர்ம்காத் (டயாலிசிஸுக்கு ரத்தம் எடுக்கும் ட்யூப்) போட்டார்கள். போன வாரம் மெஷினில் ஏற்றிய அரை மணி நேரத்தில் உடம்பைத் தூக்கிப் போடும்படி நடுக்கம், 102 டிகிரி ஜுரம். ஊசி போட்டதும் அடங்கியது. நேற்றும் அதேபோல் வந்தது. ட்யூப் வெளியே வரும் இடத்தில் சிவப்போ சீழோ இல்லை. குளிக்கும்போது தண்ணீர் பட்டதால்தான் என்கிறார் அம்மா. ட்யூபை எடுக்க வேண்டியிருக்குமா? இனி வராமல் இருக்க என்ன செய்வது?

பதில்: அடுத்த டயாலிசிஸ் நாள் வரை காத்திருக்காதீர்கள். இதைப் படித்த கையோடு அப்பாவைச் சிறுநீரக மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். மெஷினில் ஏற்றினால் நடுக்கம், இறக்கினால் சரியாகிறது என்றால், வேறு காரணம் உறுதியாகும் வரை ட்யூபுக்குள் கிருமி என்றே எடுத்துக்கொள்வோம். வெளியே தோல் நன்றாக இருப்பதை வைத்து நிம்மதி அடைய முடியாது. கிருமி ட்யூபின் உட்சுவரில் பாசி மாதிரி படர்ந்திருக்கும். நிமிடத்துக்கு 250, 300 மில்லி வேகத்தில் ரத்தம் ஓடும்போது பிய்ந்து ரத்தத்தில் கலக்கும். ட்யூபின் நுனி இருப்பது இதயத்தின் வலது மேலறைப் பக்கம். அங்கிருந்து வால்வுக்கோ முதுகெலும்புக்கோ போய் உட்கார்ந்துகொள்ளலாம். புதிதாக முதுகுவலி இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள்.

யூனிட்டில் ஒன்று விசாரியுங்கள்: அதே ஷிப்டில் வேறு யாருக்காவது நடுக்கம் வந்ததா? பலருக்கு வந்திருந்தால் டயாலிசிஸ் மெஷினுக்குப் போகும் ஆர்.ஓ. தண்ணீரைச் சந்தேகிக்க வேண்டும். அப்பாவுக்கு மட்டும்தான், அதுவும் இரண்டாம் முறை என்றால் ட்யூபின் மேல்தான் சந்தேகம்.

நடுக்கத்துக்குப் போடும் ஊசி பெரும்பாலும் ஏவில் என்ற அலர்ஜி மருந்தும் ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டும். நடுக்கம் அடங்கும், கிருமி அப்படியே இருக்கும். முதலில் எடுக்க வேண்டியது பிளட் கல்ச்சர், அதாவது ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை. ஆன்டிபயாடிக் உள்ளே போகும் முன், ட்யூபிலிருந்து ஒன்று, புறங்கை நரம்பிலிருந்து ஒன்று, பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம். மருந்துக்கடையில் இரண்டு ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டுப் போனால் கல்ச்சரில் ஒன்றும் வளராமல் போகலாம். பிறகு எந்தக் கிருமி என்று தெரியாமலே வைத்தியம் செய்ய வேண்டிவரும்.

ரத்தம் எடுத்ததும் வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும், கிராம்-நெகட்டிவ் என்ற வகைக் கிருமிகளுக்கு இன்னொரு மருந்தும் தொடங்குவார்கள். ட்யூப் தங்குமா என்பதை வந்த கிருமிதான் முடிவு செய்யும். ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ், சூடோமோனாஸ், கேண்டிடா பூஞ்சை இவற்றில் ஒன்றென்றால் எடுத்துவிடுவதே நல்லது. மருந்து தொடங்கி 2, 3 நாளாகியும் ஜுரம் நிற்கவில்லை, பிரஷர் இறங்குகிறது, தோலுக்கடியில் ட்யூப் போகும் வழி நெடுக வலியும் சிவப்பும் இருக்கிறது என்றாலும் அப்படித்தான். வீரியம் குறைந்த கிருமி, ஜுரமும் விட்டுவிட்டது என்றால், அதே வழியில் கம்பி விட்டுப் புது ட்யூப் மாற்றலாம். ஜுரம் போய்விட்டதென்று மருந்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள். ஆரியஸ் என்றால் குறைந்தது 4 வாரம், கூடவே இதயத்துக்கு எக்கோ.

அம்மா சொல்வதில் பாதி உண்மை. ட்யூப் போட்ட முதல் சில வாரங்களில் கிருமி தோலிலிருந்து ட்யூபின் வெளிப்பக்கமாக ஊர்ந்து போகும். தோலுக்கடியில் ட்யூபைச் சுற்றி ஒரு துணிப்பட்டை இருக்கிறது, கஃப் என்பார்கள். 3, 4 வாரத்தில் சதை அதற்குள் வளர்ந்து அந்த வழியை அடைத்துவிடும். அதற்குப் பிறகு முக்கிய வாசல் ட்யூபின் வாய்தான், அதாவது கேப் திறக்கும் இடம். வாரம் 3 டயாலிசிஸ், 2 கேப், ஏற்றும்போதும் இறக்கும்போதும்: 12 தடவை திறக்கிறது. குளியலறையை விட டயாலிசிஸ் கட்டிலைத்தான் நான் அதிகம் சந்தேகிப்பேன்.

அங்கே பார்க்க வேண்டியவை: அப்பாவும் டெக்னீஷியனும் மாஸ்க் போட்டிருக்க வேண்டும், அப்பா முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும், தலைக்கு மேல் ஓடும் ஃபேனை நிறுத்த வேண்டும். கை கழுவிப் புது கையுறை. கேப்பைக் கழற்றும் முன் ட்யூபை அழுத்தி மூடும் கிளாம்ப் மூடியிருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். இல்லாவிட்டால் காற்று உள்ளே போகும், அது கிருமியை விட அவசரம். கழற்றியதும் வாயின் மறையையும் விளிம்பையும் ஆல்கஹால் அல்லது குளோர்ஹெக்சிடின் பேடால் 15 விநாடி தேய்த்து, தானாகக் காய விட வேண்டும். பலர் ஒரு சுற்றுத் துடைத்துவிட்டு ஈரத்தோடு லைனை மாட்டிவிடுவார்கள். பழைய கேப்பைப் பீட்டாடின் கிண்ணத்தில் ஊறப்போட்டு மறுபடி மாட்டுவதும் நடக்கிறது. ஒவ்வொரு முறையும் புது கேப் கேளுங்கள், தேவைப்பட்டால் நீங்களே வாங்கிக் கொடுங்கள். கடைசியில் ரத்தம் உறையாமலிருக்க ட்யூபில் நிரப்பும் ஹெப்பாரினைப் பலருக்குப் பொதுவான மருந்துக் குப்பியிலிருந்து எடுப்பதானால், புது சிரிஞ்ச், புது ஊசி. வேறெந்த ட்ரிப்ஸுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் இந்த ட்யூபைத் திறக்க விடாதீர்கள்.

வீட்டில்: இடுப்புக்குக் கீழே தண்ணீர் ஊற்றலாம், மேலே ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஒட்டும் பிளாஸ்டிக் டிரெஸ்ஸிங் அதிகபட்சம் 7 நாள், காஸ் துணி 2 நாள். வியர்வையில் நனைந்தாலோ ஓரம் பிரிந்தாலோ அன்றைக்கே மாற்ற வேண்டும். ட்யூபைத் தொங்க விடாமல் டேப் போட்டு ஒட்டுங்கள்; சட்டை மாட்டும்போது இழுபட்டால் கஃப் விட்டுப்போகும். கஃப் வெளியே தெரிந்தால் அன்றே காட்டுங்கள். சர்க்கரைக்காரர்களுக்குச் சில சமயம் ஜுரமே இல்லாமல் சோர்வும் பிரஷர் குறைவும் மட்டும் வரும்.

3 மாதம் ஆகிவிட்டது, ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைக்கும் அறுவைச் சிகிச்சை) பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. எல்லாவற்றையும் விடப் பெரிய தடுப்பு அதுதான். வலக்கைப் பழக்கம் என்றால் பொதுவாக இடக்கையில் செய்வார்கள். இன்றிலிருந்து அந்தக் கையில் ஊசி, ட்ரிப்ஸ், பிரஷர் பட்டை எதுவும் வேண்டாம். புறங்கையில் ரத்தம் எடுங்கள் என்றதும் இதனால்தான். ரத்தத்தில் கிருமி நீங்கியதை மறு கல்ச்சரில் உறுதி செய்தபின் அறுவைச் சிகிச்சைக்குத் தேதி கேளுங்கள். ஃபிஸ்டுலா பழுக்க, அதாவது ஊசி குத்தும் அளவுக்கு நரம்பு தடிக்க, 6 முதல் 8 வாரம் ஆகும், சர்க்கரை இருந்தால் கூடலாம். சில டயாலிசிஸ் அதில் ஒழுங்காக ஓடியதும் ட்யூபை எடுத்துவிடச் சொல்லுங்கள். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று விட்டுவைக்கும் ட்யூபிலும் கிருமி பிடிக்கும்.