இடுப்புப்பையில் எதை வைப்பது, எதை விடுவது? மலையேறும் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: 'சர்வைவல் கிட்' ஒன்று வாங்கினேன். மடக்குக் கத்தி, தீப்பொறி உரசும் கம்பி, தூண்டில் முள், கம்பி ரம்பம் எல்லாம் உள்ளன. டாப்சிலிப் பக்கம் நடக்கப் போகும்போது அப்படியே இடுப்பில் கட்டிக்கொள்ளலாமா? (கோவை வாசகர்)

பதில்: வேண்டாம். ஆள் நடமாட்டமே இல்லாத குளிர்தேசக் காட்டில் நாலைந்து நாள் மாட்டிக்கொள்பவருக்காகச் சேர்த்த சாமான்கள் அவை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வரும் தொல்லைகளே வேறு: குழுவை விட்டுப் பிரிவது, இறங்குவதற்குள் இருட்டிவிடுவது, நனைந்து நடுங்குவது, கணுக்கால் பிசகுவது, தண்ணீர் தீர்ந்து கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பது. பெரும்பாலும் ஆள் வந்து சேரும்வரை சில மணி நேரம், மிஞ்சிப்போனால் ஓர் இரவு தாக்குப்பிடிக்க வேண்டியிருக்கும். அதற்குத் தூண்டில் முள் எதற்கு?

நெருப்பு சமாச்சாரம் இன்னும் முக்கியம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் தீ மூட்டுவதும், அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு நுழைவதும் குற்றம். டாப்சிலிப் ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று பிடித்த காட்டுத்தீயில் மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கோடையில் காய்ந்து நிற்கும் புல்லுக்கு ஒரு பொறி போதும். லைட்டர், தீப்பெட்டி, தீக்கம்பி மூன்றையும் வீட்டில் வையுங்கள். வெட்டுவதற்கு முனை மழுங்கிய சின்னக் கத்தரிக்கோல் போதும். பிளாஸ்திரியும் துணியும் வெட்டுவதைத் தவிர அங்கே வேறு வேலை இல்லை.

கேள்வி: முதுகுப்பைதான் இருக்கிறதே, இடுப்புப்பை தனியாக எதற்கு? நான் கட்டினால் நடக்கும்போது குதிக்கிறது, வயிற்றையும் அறுக்கிறது. (திருச்சி வாசகி)

பதில்: முதுகுப்பையை உட்காரும்போது இறக்கி வைப்பீர்கள், ஏற்றத்தில் வேறு யாரிடமாவது கொடுப்பீர்கள், ஒதுங்கப் போகும்போது விட்டுவிட்டுப் போவீர்கள். வழி தவறுவது பெரும்பாலும் அப்படிப்பட்ட நேரத்தில்தான். உடம்பை விட்டு இறங்காத பையில் இருப்பது மட்டுமே அப்போது உங்களுடையது.

இரண்டிலிருந்து மூன்று லிட்டர் கொள்ளளவு, ஒன்றரை அங்குல அகலப் பட்டை. தண்ணீர் நீங்கலாக ஒரு கிலோவுக்கு மேல் ஏற்றாதீர்கள். பை குதிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அடுக்கியதில் இருக்கும். பவர்பேங்க் போன்ற கனமானவை உடம்பை ஒட்டிய அறையில், நடுவில் இருக்கவேண்டும். பஞ்சு, கட்டுத்துணி வெளிப்பக்கம். பட்டையைத் தொப்புள் மேல் கட்டாமல் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் உட்காரவைத்தால் வயிறு தப்பும். பட்டை தானே தளர்ந்துகொண்டே வந்தால் அதன் வால்நுனியைக் கொக்கிக்குள் திருப்பி இன்னொரு முறை கோத்துவிடுங்கள். ஏறும்போது பை முதுகுப்பக்கம் இருக்கட்டும். இறங்கும்போது முன்னால் கொண்டுவந்தால் காலடி மறையும், பக்கவாட்டில் தள்ளிக்கொள்ளுங்கள்.

வியர்வை உள்ளே இறங்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மழையே பெய்யாவிட்டாலும் மாத்திரையும் பஞ்சும் ஈரமாகும். எல்லாவற்றையும் ஜிப்லாக் உறையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள்.

கேள்வி: சரி, என்னென்ன வைக்கவேண்டும்? அளவோடு சொல்லுங்கள். (மதுரை வாசகர்)

பதில்: முதலில் விசில். உள்ளே உருளும் மணி இல்லாத தட்டை விசிலாக வாங்குங்கள்; மணி உள்ளது ஈரத்தில் ஒட்டிக்கொண்டு சத்தம் வராது. அதைப் பைக்குள் போடாமல் பட்டையில் தொங்கவிடுங்கள். மூன்று முறை நீளமாக ஊதி, ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டு, திரும்ப ஊதவேண்டும். கத்தினால் கொஞ்ச நேரத்தில் தொண்டை கட்டிக்கொள்ளும், விசில் இரவு முழுக்கத் தாங்கும்.

அடுத்து தலையில் மாட்டும் டார்ச். போன் டார்ச்சை நம்பி இறங்கினால் ஒரு கை போகும், அழைப்பதற்கு இருக்கும் சார்ஜும் போகும். பைக்குள் பொத்தான் அழுந்தித் தானாக எரிந்து தீராமல் இருக்க ஒரு பேட்டரியைத் திருப்பிப் போட்டு வையுங்கள். மாற்று பேட்டரி ஒரு செட். 5000 எம்ஏஎச் பவர்பேங்க் ஒன்று, முழநீளம்கூட இல்லாத கேபிள் ஒன்று. சிக்னல் இல்லாத இடத்தில் டவரைத் தேடித்தேடியே போன் சார்ஜ் இறங்கும். விமானப் பயன்முறையில் வைத்து நடங்கள். உங்கள் கம்பெனி சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு கம்பெனி டவர் எட்டினால் அவசர உதவிக்கான 112 எண் போகும்.

வெள்ளிநிற ஃபாயில் போர்வை ஒன்று. மடித்தால் உள்ளங்கையளவு, எடை 50, 60 கிராம். அது சூடு தராது. உங்கள் உடம்புச் சூட்டைத் தடுத்து வைக்கும், அவ்வளவுதான். ஈரச்சட்டையைக் கழற்றிப் பிழிந்துவிட்டுப் போர்த்துங்கள். அடியில் சருகையோ முதுகுப்பையையோ போட்டு உட்காராவிட்டால் தரை உறிஞ்சிவிடும். பிரித்தபின் பழைய அளவுக்கு மடிக்க முடியாது, ஆகவே வீட்டில் பிரித்துப் பார்க்கும் ஆசை வேண்டாம். வெள்ளியங்கிரி ஏழாவது மலைக் காற்றில் வியர்வையோடு நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

காயத்துக்கு: நான்கு அங்குலக் கிரேப் பேண்டேஜ் 1, சுத்தமான காஸ் துணி 4, ஒட்டும் பிளாஸ்திரி சுருள் 1, பாராசிட்டமால் 4, நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை இருந்தால் கூடுதலாக ஒருநாள் அளவு. மாத்திரைப் பட்டையை வெட்டும்போது பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும் பக்கம் உங்களிடம் இருக்கட்டும். ஒவ்வாமைக்குச் செட்ரிசின் மாத்திரை வைப்பவர்கள் அது தூக்கம் வரவைக்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். இறக்கத்தில் தூக்கக் கலக்கம் ஆபத்து. பாதத்தில் ஓரிடம் சுட்டெரிக்கத் தொடங்கியதுமே ஷூவைக் கழற்றித் துடைத்துப் பிளாஸ்திரி ஒட்டிவிட்டால் கொப்புளம் வராது. வந்தபின் ஒட்டுவது அரைகுறை வைத்தியம்.

தின்பதற்குக் கடலை மிட்டாய் இரண்டு, பேரீச்சம்பழம் நான்கைந்து. சாக்லேட் உருகிப் பையை நாசமாக்கும்.

கேள்வி: ஓஆர்எஸ் பொட்டலம், தண்ணீர் சுத்திகரிக்கும் மாத்திரை இரண்டும் தேவையா? (சேலம் வாசகி)

பதில்: ஓஆர்எஸ் கட்டாயம். பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கானது. அதை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டிக் குடிப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. உப்பு கூடிப்போய் நிலைமை மோசமாகும், குழந்தைகளுக்கு இன்னும் கெடுதல். 200 மில்லிக்கான சின்னப் பொட்டலங்கள் மூன்று வையுங்கள். குளுக்கோஸ் பொடி இதற்கு மாற்றாகாது.

குளோரின் மாத்திரை எத்தனை லிட்டருக்கு ஒன்று என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அட்டையைப் படித்து, உங்கள் பாட்டிலுக்கு ஏற்றதை வாங்குங்கள். கலங்கல் தண்ணீரைக் கைக்குட்டையை நான்காக மடித்து வடிகட்டியபின் போடவேண்டும். குறைந்தது அரைமணி நேரம் பொறுங்கள். தண்ணீர் ஜில்லென்று இருந்தால் அதற்கு மேலும்.

கேள்வி: மழைக்காலத்தில் வால்பாறை போகிறோம். அட்டைக்கு உப்பு மூட்டை போதுமா? (பொள்ளாச்சி வாசகர்)

பதில்: ஏறாமல் தடுக்க உப்பு உதவும், ஆனால் மழையில் கரைந்து ஓடிவிடும். நெருக்கமாக நெய்த துணியில் தைத்த அட்டைக் காலுறை மேல். பேன்ட்டை அதற்குள் விட்டு முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டவேண்டும்.

கடித்துக்கொண்டிருக்கும் அட்டைமேல் உப்போ சுண்ணாம்போ வைக்காதீர்கள். ஊரில் எல்லோரும் செய்வதுதான், ஆனால் அட்டை வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள் கக்கிவிட வாய்ப்புண்டு. மெல்லிய முனைதான் வாய். அங்கே தோலை ஒட்டி நகத்தை நுழைத்து நகர்த்துங்கள், பிறகு பருத்த முனை. ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அது விட்டிருப்பதால் கடிவாய் நெடுநேரம் கசியும். கழுவி, காஸ் துணியால் அழுத்திக் கட்டுங்கள்.

கேள்வி: பாம்புக்கடிக்குப் பையில் என்ன வைக்கலாம்? (தேனி வாசகர்)

பதில்: ஒன்றும் இல்லை. விஷத்தை உறிஞ்சும் பம்ப் விற்கிறார்கள், காசுக்குக் கேடு. கயிற்றால் கட்டாதீர்கள், கிழிக்காதீர்கள்; கிரேப் பேண்டேஜையும் இறுக்கிச் சுற்றாதீர்கள். மோதிரம், மெட்டி, கொலுசு, வாட்சைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கை காலை ஒரு குச்சியோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி, கடிபட்ட நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஆளை நடக்கவிடாமல் தூக்கி வாருங்கள். 108ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

கேள்வி: மலைக்குப் போகாத நாளிலும் இதே பையைக் கட்டிக்கொள்ளலாமா? (சென்னை வாசகி)

பதில்: தாராளமாக. ஃபாயில் போர்வை, குளோரின் மாத்திரை, தலை டார்ச்சை எடுத்துவிட்டால் பாதி காலி. விசில், பிளாஸ்திரி, ஓஆர்எஸ், கேபிள் பஸ்ஸிலும் உதவும். ரத்த வகையும் வீட்டு எண்ணும் எழுதிய சீட்டு ஒன்றைச் சேருங்கள். போன் அணைந்தால் மனைவி எண்ணோ கணவர் எண்ணோ பலருக்கு நினைவில் வருவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே கொட்டி, மாத்திரைத் தேதியையும் பேட்டரி கசிந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். பிளாஸ்திரி பசை காய்ந்திருந்தால் புதுச்சுருள் வாங்கிவிடுங்கள். பவர்பேங்கைப் பாதி சார்ஜில் வைத்திருந்து, கிளம்பும் முந்தைய இரவு முழுதாக ஏற்றுங்கள்.