அப்பச்சியின் லேப்டாப்பும் இல்லாத டிஸ்க்கும்

கேள்வி: அப்பச்சியின் பழைய லேப்டாப் விண்டோஸ் 10-க்குள் போகாமல் பாதியில் நிற்கிறது. படைப்புக் கணக்கு (முன்னோருக்குப் படைக்கும் குடும்பச் சடங்கின் வரவு செலவு), கல்யாணப் போட்டோ எல்லாம் அதில்தான். டிஸ்க் எதுவும் தரவில்லை. காரைக்குடிக் கடையில் 'எல்லாம் அழிந்துவிடும்' என்கிறார்கள். என்ன செய்ய?
– ஒரு வாசகி, கானாடுகாத்தான்

பதில்: ஆச்சி, டிஸ்க் தேவையே இல்லை. கணக்கைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை. அது முடியும்வரை யாரையும் விண்டோஸ் போட விடாதீர்கள். விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் மின்ட்டை ஒரு பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமல் அதிலிருந்தே லேப்டாப்பைத் திறக்கலாம். ஃபைல்கள் தெரிந்தால் வெளி ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி செய்யுங்கள். போட்டோக்களை ஒவ்வொன்றாகத் திறந்தும் பாருங்கள். ஃபைல்களை மறைத்துவைக்கும் விண்டோஸின் 'பிட்லாக்கர்' பூட்டு இருந்தால் அப்பச்சியின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அதைத் திறக்கும் ரெக்கவரி கீ இருக்கக்கூடும்.

அடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் தளத்தின் 'மீடியா கிரியேஷன் டூல்' கொண்டு 8 ஜிபி பென்டிரைவைத் தயார் செய்யுங்கள். அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், காலியானதாகப் பாருங்கள். நிறுவும்போது ப்ராடக்ட் கீ (விண்டோஸின் உரிம எண்) கேட்டால், 'என்னிடம் இல்லை' என்பதை அமுக்குங்கள். விண்டோஸோடு விற்ற லேப்டாப்களில் பெரும்பாலும் அது மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். முன்பிருந்த அதே ஹோம் அல்லது ப்ரோ பதிப்பைப் போட்டால், இணையம் கிடைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றது. அதனால் முடிந்தால் விண்டோஸ் 11 போடுங்கள். அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், ப்ராசஸரும் மைக்ரோசாஃப்ட்டின் பட்டியலில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த மின்ட்டையே நிறுவிவிடுங்கள், காசில்லை. கிராக் செய்த விண்டோஸை மட்டும், யார் இலவசமாகத் தந்தாலும், குடும்பக் கணக்கு இருக்கும் மெஷினில் ஏற்றாதீர்கள்.