கப்பல் டூரா, வெளி டூரா? பினாங்கு, புக்கெட்டில் இறங்கும் முன் ஒரு கணக்கு

கேள்வி: மே மாதப் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் ஐந்து இரவுக் கப்பல் பயணத்துக்குப் பதிவு செய்திருக்கிறோம். நான், கணவர், 14 வயது மகன், 9 வயது மகள், 68 வயது மாமியார் என ஐந்து பேர். டிக்கெட், விமானம், விசா எல்லாம் கட்டியாகிவிட்டது. இறங்கிச் சுற்றிப் பார்க்க 60,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறேன். கப்பல் கம்பெனியின் தளத்தில் பினாங்கு டூர் ஆளுக்கு 70 டாலர், புக்கெட்டில் பாங் நா வளைகுடா டூர் 130 டாலர். அதே பாங் நா டூரை வெளி ஏஜென்ட் ஒருவர் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். மாமியார் "எனக்குக் கப்பலே போதும்" என்கிறார். கணவர் எல்லாவற்றையும் கிரெடிட் கார்டில் போட்டுவிட்டு வந்து கட்டிக்கொள்ளலாம் என்கிறார். எது சரி?
– வாசகி, ஈரோடு

பதில்: டூர் கணக்குக்குப் போகும் முன் உங்கள் புக்கிங் ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் கிராஜுவிட்டி என்ற வரி இருக்கிறதா? கப்பல் ஊழியர்களுக்கான டிப்ஸ் அது. பெயர்தான் டிப்ஸ், ஆனால் பெரும்பாலான கம்பெனிகள் ஆளுக்கு, நாளுக்கு என்று கணக்கிட்டு உங்கள் அறைக் கணக்கில் தாமாகவே ஏற்றிவிடும். 15 முதல் 20 டாலர் வரை சகஜம், குழந்தைகளுக்கும் சேர்த்து. 18 டாலர் என்று வைத்தாலே ஐந்து பேருக்கு ஐந்து இரவுக்கு 450 டாலர். டாலரை 90 ரூபாய் என்று எடுத்துக்கொண்டால் 40,500 ரூபாய். முன்பே கட்டியிருந்தால் நல்லது. கட்டவில்லை என்றால் உங்கள் 60,000 ஏற்கெனவே 19,500 ஆகிவிட்டது. கட்டியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு மேலே போகிறேன், கட்டாதவர்களுக்குக் கடைசியில் சொல்கிறேன்.

கணவர் சொல்லும் வழியை முதலில் தள்ளிவிடுவோம். இரண்டு ஊரிலும் ஐந்து பேருக்கும் கப்பல் டூர் எடுத்தால் 1,000 டாலர், அதாவது 90,000 ரூபாய். கார்டில் டாலருக்குச் செலவு செய்தால் வங்கி மார்க்கப் என்ற வெளிநாட்டுச் செலவுக் கட்டணம் பிடிக்கும். 3.5 சதவீதமும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் என்றால் இன்னும் 3,700 ரூபாய். உங்கள் கையிருப்பு போகத் துண்டு விழுவது 33,700. அதைக் கட்டாமல் அடுத்த மாதத்துக்குத் தள்ளினால் மாதம் மூன்றரை சதவீத வட்டியில் 1,180 ரூபாய் சும்மா போகும். அதைவிட மோசமான விஷயம் ஒன்று உண்டு. பில்லை முழுதாகக் கட்டாத மாதத்திலிருந்து அந்தக் கார்டில் புதிதாக வாங்கும் மளிகை, பெட்ரோலுக்குக்கூட வட்டியில்லா நாட்கள் கிடையாது. ஜூன் மாதம் பள்ளிக் கட்டணமும் அதே கார்டில்தான் என்றால் நினைத்துப் பாருங்கள். மாதாமாதம் முழுதாகக் கட்டிவிடும் அளவுக்கு மட்டும் கார்டைத் தேயுங்கள்.

சரி, பினாங்கு. இங்கே கப்பல் டூருக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்க வேண்டாம். காரணம் மிக எளிது: கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகம் ஜார்ஜ் டவுனின் வாசலிலேயே இருக்கிறது. வெளியே வந்ததும் எதிரே தெரியும் வெள்ளை மணிக்கூண்டு விக்டோரியா மகாராணியின் வைர விழாவுக்காகக் கட்டப்பட்டது. 60 அடி உயரம், ஆண்டுக்கு ஓர் அடி. பக்கத்தில் கார்ன்வாலிஸ் கோட்டை. அங்கிருந்து பத்து நிமிட நடையில் லிட்டில் இந்தியா. குவீன் தெருவில் 1833-ல் கட்டிய மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. உங்கள் மாமியார் கப்பலிலேயே இருந்துவிடுவதாகச் சொன்னது செலவை நினைத்துத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பினாங்கில் அவரை இறக்கிக் கூட்டிப்போங்கள். தமிழிலேயே பேசி, மாலை வாங்கி, அர்ச்சனை செய்துவிட்டு வரலாம். உச்சி வெயிலுக்கு முன், காலையிலேயே கோயிலை முடித்துவிடுவது அவருக்கு நல்லது.

ஜார்ஜ் டவுனுக்குள் கேட் (CAT) என்ற இலவசப் பேருந்து ஓடுகிறது. கால் வலித்தால் கிராப் செயலியில் கார் பிடித்து ஏறிக்கொள்ளலாம். ஆர்மீனியன் தெருவின் சுவரோவியங்களும், கடலில் மரக்கால்களின்மேல் நிற்கும் சியூ ஜெட்டி வீடுகளும் பார்க்கக் காசு கேட்பதில்லை. ஐந்து பேரும் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டாலும் 100 மலேசிய ரிங்கிட்டைத் தாண்டுவது கஷ்டம். கார், சாப்பாடு, இளநீர், கோயில் தட்டு எல்லாம் சேர்த்து 8,000 ரூபாய் போதும். பினாங்கு மலை ரயிலுக்கு மட்டும் ஆசைப்பட வேண்டாம். கூட்ட நாளில் மேலே போகவும் ஒரு வரிசை, கீழே வரவும் ஒரு வரிசை. கப்பல் பிடிக்க வேண்டியவர்களுக்கு அது ஒத்துவராது.

புக்கெட் கதையே வேறு. அங்கே கப்பல் பெரும்பாலும் படோங் கடற்கரைக்கு எதிரே கடலில் நங்கூரம் போடும், சிறிய டெண்டர் படகில்தான் கரைக்குப் போக வேண்டும். கப்பல் டூர் எடுத்தவர்களைப் பெரும்பாலும் முதலில் இறக்குவார்கள். மற்றவர்கள் டோக்கன் வாங்கிக் காத்திருக்க வேண்டும். பாங் நா வளைகுடாவோ தீவின் மறுபக்கம், வடகிழக்கே. படோங்கிலிருந்து ஒரு செங்குத்தான மலைச்சாலையைத் தாண்டி, ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டியில் போய், அப்புறம் படகு. ஜேம்ஸ் பாண்ட் தீவையும், தண்ணீருக்குமேல் தூண்களில் நிற்கும் கோ பான்யீ மீனவக் கிராமத்தையும் பார்த்துவிட்டு அதே வழியில் திரும்ப வேண்டும். அந்த மலைச்சாலையில் நெரிசல் பிடித்தால் சுற்றுவழி நீளம்.

கப்பல் நடத்தும் டூர் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது தன் செலவில் அடுத்த துறைமுகத்துக்குச் சேர்க்கும். நீங்களாகப் போய்த் தாமதமானால் அது கிளம்பிவிடும். 2024 மார்ச்சில் ஆப்பிரிக்காவின் சாவோ டோமே தீவில் தனியார் டூர் போன எட்டுப் பயணிகள் தாமதமாக வந்தார்கள். நார்வீஜியன் டான் கப்பல் கண்ணெதிரே நங்கூரத்தில்தான் நின்றது, கடலோரக் காவல் படகில் அருகே போயும் ஏற்றிக்கொள்ளவில்லை. பல நாடுகள் வழியாக அலைந்து, ஒருவழியாகச் செனகலின் டக்காரில்தான் கப்பலைப் பிடித்தார்கள்.

இப்போது உங்கள் ஏஜென்டின் பாதி விலையைப் பார்ப்போம். மாமியாருக்கு அத்தனை தூரம் வேண்டாம், நான்கு பேர் என்று வைப்போம். கப்பல் டூர் 520 டாலர், மார்க்கப் சேர்த்து சுமார் 48,700 ரூபாய். வெளி டூர் அதில் பாதி. மிச்சம் 24,000 சொச்சம். கப்பலைத் தவறவிட்டால் என்ன ஆகும்? நான்கு பேருக்கும் அவசர விமான டிக்கெட், ஒன்றிரண்டு இரவு ஓட்டல், சாப்பாடு என்று ஒரு லட்சத்துக்கு வந்து நிற்கும். பயணக் காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். நீங்களே தாமதமாக வந்ததற்குப் பாலிசிகள் பொதுவாகப் பணம் தருவதில்லை.

நேர்மையாகச் சொன்னால், வெறும் சராசரிக் கணக்கில் வெளி டூர்தான் லாபம். நான்கு தடவை போனால் ஒரு தடவை கப்பலைத் தவறவிடுவீர்கள் என்றால்தான் இரண்டும் சமம். உண்மையில் அந்த ஆபத்து அதைவிடக் குறைவு, அனுபவமுள்ள ஏஜென்டுகள் நேரம் பார்த்துத்தான் கொண்டுவந்து விடுவார்கள். ஆனால் இந்தக் கூடுதல் 24,000 ஒரு காப்பீட்டு பிரீமியம். பிரீமியம் கட்டலாமா என்பதை நடக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது, நடந்தால் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும். சுற்றிப் பார்க்க 60,000 ஒதுக்கியவருக்கு ஒரு லட்சம் திடீரென்று தாங்காது. கடைசியில் அது கணவரின் கார்டில்தான் போய் விழும். அதோடு மாமியார் தனியாகக் கப்பலில் இருப்பார். நீங்கள் நான்கு பேரும் புக்கெட் கரையில், அவர் சிங்கப்பூரில் பெட்டிகளோடு தனியாக இறங்குகிறார் என்றால், அதற்கு ரூபாயில் என்ன விலை போடுவீர்கள்?

உங்கள் மாதம் வேறு மே. தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும் நேரம், படோங் இருப்பது மேற்குக் கரையில். அலை அதிகமானால் டெண்டர் இறக்க முடியாது என்று அந்த நிறுத்தத்தையே ரத்து செய்துவிடுவார்கள். கப்பல் டூருக்குப் பணம் திரும்ப வரும். வெளி ஏஜென்டிடம் கொடுத்த முன்பணம் வருமா என்பது அவர் மனசு. பேசிப் பார்ப்பதென்றால் "கப்பல் வராவிட்டால் முழுப்பணமும் திருப்பித் தருகிறேன்" என்று எழுத்தில் வாங்குங்கள். மழுப்பினால் அதுவே பதில்.

எந்த டூரானாலும் கைக்கடிகாரம் ஒன்று கட்டிக்கொள்ளுங்கள். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடினால், மாலை 4.30-க்குள் ஏற வேண்டும் என்று அவர்கள் சொல்லும்போது உங்கள் போன் தானாக மாறி 3.30 காட்டிக்கொண்டிருக்கும். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதே என்று பழச்சாறு கடையில் உட்கார்ந்தால் போச்சு. கப்பல் எந்த நேரத்தில் ஓடுகிறது என்று இறங்கும் முன் கேட்டு, கடிகாரத்தை அதற்கு வைத்துவிடுங்கள். கப்பலுக்குள் போனை ஃப்ளைட் மோடில் போடுவதும் முக்கியம். நடுக்கடல் நெட்வொர்க்கின் ரோமிங் கட்டணம் வேறொரு டூர் விலைக்கு வரும்.

ஆக, பினாங்குக்கு 8,000, புக்கெட்டில் நான்கு பேருக்குக் கப்பல் டூர் 48,700, மொத்தம் 56,700. மீதி 3,300-ஐ தாய்லாந்துப் பணமான பாட்டாக (baht) மாற்றிக் கையில் வையுங்கள். தாய்லாந்து ஏடிஎம்மில் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு தடவையும் 200 பாட்டுக்கு மேல் கட்டணம் பிடிப்பதால் சில்லறைக்காக அங்கே போய் நிற்காதீர்கள். கடையில் மெஷின் "ரூபாயில் கட்டுகிறீர்களா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தொட்டால் அவர்கள் சொன்னதுதான் மாற்று விலை.

கிராஜுவிட்டி கட்டாதவர்கள் பாங் நாவை விட்டுவிடுங்கள். படோங்கில் இறங்கி, கடலில் குளித்து, ஒரு வேளை சாப்பிட்டு, மதியமே கப்பலுக்குத் திரும்பினால் 10,000 ரூபாய்க்குள் முடியும், மாமியாரும் வரலாம். டுக்டுக் என்ற வாடகை வண்டியில் ஏற வேண்டாம், புக்கெட்டில் அதன் விலை அநியாயம். மகன் கட்டாயம் ஜெட் ஸ்கீ என்ற வாடகைத் தண்ணீர் ஸ்கூட்டர் கேட்பான். திருப்பிக் கொடுக்கும்போது "கீறல் விழுந்துவிட்டது" என்று பெரிய தொகை கேட்டு மிரட்டுவது அந்தக் கடற்கரையில் வெகுநாளாக நடக்கும் பிழைப்பு. பல பயணப் பாலிசிகள் சாகச விளையாட்டில் படும் அடிக்குப் பணம் தருவதுமில்லை.

இன்னொன்று, பயணத்தை ஏஜென்ட் வழியாகப் பேக்கேஜாக வாங்கியிருந்தால் டிசிஎஸ் என்ற வரியை முன்கூட்டியே பிடித்திருப்பார்கள். அது யாருடைய பான் எண்ணில் ஏறியிருக்கிறது என்று வருமான வரித் தளத்தில் உங்கள் வரி வரவுப் படிவத்தில் பாருங்கள், ரிட்டர்ன் போடும்போது கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்ப வாங்கலாம். டூரையும் கப்பல் ஏறிய பின் கவுண்டரில் போய்க் கேட்காதீர்கள், முன்கூட்டி இணையத்தில் பதிவு செய்தால் பெரும்பாலும் விலை குறைவு. ரத்து செய்யக் கடைசி நாள் எது என்பதை மட்டும் பணம் கட்டும் முன் படித்துக்கொள்ளுங்கள்.