ஏரோஸ்பேஸ் படித்தால் இஸ்ரோவா?

ஐயா,

எங்களுக்குப் பணகுடி. மகேந்திரகிரி இஸ்ரோ மையம் பக்கத்தில்தான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த என் மகள், ஏரோஸ்பேஸ்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் இடம் கிடைக்கும்போல் இருக்கிறது. இஸ்ரோவில் சேர முடியுமா? சம்பளம் எப்படி?

ஒரு தந்தை

அன்புள்ள நண்பருக்கு,

இஸ்ரோவின் பொறியாளர் தேர்வு அறிவிப்பை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வழக்கமாக அதில் கேட்பது எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ். ஏரோஸ்பேஸ் பட்டத்துக்கு நேர்வழி, திருவனந்தபுரம் பக்கம் 2007 முதல் நடக்கும் விண்வெளிக் கல்வி நிறுவனமான ஐ.ஐ.எஸ்.டி. அதில் நுழைய ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுத வேண்டும். படித்து முடித்தாலும் மதிப்பெண்ணும் காலியிடமும் ஒத்துவந்தால்தான் வேலை. தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். படிகள் சேர்ந்தால் ஒரு லட்சத்தை ஒட்டி வரும். குறை சொல்ல முடியாத சம்பளம்.

தனியாரில் பெரும்பகுதி வேலை பெங்களூரில், வெளிநாட்டு விமானத் தயாரிப்பு நிறுவனங்களுக்காக நடக்கிறது. ராக்கெட் கனவோடு போகும் பிள்ளைக்கு அங்கே கிடைப்பது, இறக்கையில் வரும் உள்ளங்கை அகல பிராக்கெட் (பாகங்களைத் தாங்கிப் பிடிக்கும் உலோகத் துண்டு) ஒன்று. தொழிற்சாலையில் துளையை ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போட்டிருப்பார்கள். அது சுமையைத் தாங்குமா, தூக்கிப்போட வேண்டுமா என்று கணக்கிட்டு அறிக்கை எழுத வேண்டும். எனக்கு அது மதிப்புள்ள வேலையாகவே படுகிறது. ஆனால் அதே நாற்காலியில் மெக்கானிக்கல் படித்தவரும் உட்காரலாம். கார் நிறுவனத்துக்கோ பம்பு ஆலைக்கோ போகும் வழியும் அவருக்கு உண்டு.

அமெரிக்காவில் இத்துறையின் சராசரி ஆண்டுச் சம்பளம் 1,30,000 டாலரைத் தாண்டும் என்று உறவினர் யாராவது சொல்லியிருப்பார். உண்மைதான். ஆனால் ராக்கெட், ராணுவத் தொழில்நுட்பத்துக்கு அங்கே ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவரை அந்த நிறுவனங்கள் பெரும்பாலும் நேர்முகத்துக்கே கூப்பிடுவதில்லை.

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலோ ஐ.ஐ.டி.யிலோ கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் முளைத்த அக்னிகுல் என்ற தனியார் ராக்கெட் நிறுவனம், 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சோதனை ராக்கெட்டை ஏவியது. அப்படிப்பட்ட இடங்களுக்குக் கதவு அங்கிருந்துதான் எளிதில் திறக்கிறது. மற்றபடி மெக்கானிக்கல் எடுத்து, கேட் (GATE) என்ற நுழைவுத் தேர்வு எழுதி, எம்.டெக்.கில் ஏரோஸ்பேஸ் படிக்கலாம். மகளின் ஆசைக்கு அதனால் ஒரு குறையும் வராது.

கோவைக் கல்லூரிக்குப் போனால் ஒன்று கேளுங்கள்: போன வருடம் ஏரோஸ்பேஸ் முடித்து வேலைக்குப் போனவர்களில் ஐ.டி.க்குப் போனவர்கள் எத்தனை பேர்? பதில் வராமல் காபி வந்தால், கலந்தாய்வில் மெக்கானிக்கலை முதலில் போடுங்கள்.