மூன்றாவது பாட்டில் வேண்டாம், ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள்

வணக்கம். மலைமேல் குளிரும் குன்னூரில் அதிகாலையில் உங்கள் டீசல் கார் குலுங்குகிறது, வெள்ளைப் புகை வருகிறது, இஞ்சின் சூடானதும் சரியாகிவிடுகிறது. மலையடிவார மேட்டுப்பாளையத்தில் இரவு நிறுத்தினால் இந்தத் தொல்லையே இல்லை என்கிறீர்கள். இன்ஜெக்டரை, அதாவது இஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் பாகத்தைச் சுத்தம் செய்யும் கிளீனரை இரண்டு பாட்டில் ஊற்றியும் பலனில்லை, மூன்றாவதை ஊற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

அந்தத் திரவம் இன்ஜெக்டர் முனையில் படிந்த லேசான கரியைக் கரைக்கும், அவ்வளவுதான். தேய்ந்த பாகத்தைத் திருத்தாது. சீட்டேன் எண்ணை, அதாவது டீசல் எவ்வளவு எளிதில் தீப்பற்றும் என்பதற்கான அளவை, கூட்டும் வகையிலும் பெரிய பயன் இருக்காது; பங்கில் கிடைக்கும் பிஎஸ்6 (மாசுக் கட்டுப்பாட்டுத் தரம்) டீசலுக்கே குறைந்தபட்சச் சீட்டேன் எண் 51.

குளிரில் மட்டும் வருவதுதான் முக்கியமான துப்பு. அந்த வெள்ளைப் புகை பெரும்பாலும் எரியாத டீசல். முதலில், குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது இஞ்சின் உட்பகுதியைச் சூடாக்கும் நான்கு ஹீட்டர் பிளக்குகளையும் இணைப்பைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். நல்ல பிளக் ஏறத்தாழ 1 ஓம் அல்லது அதற்கும் கீழே காட்டும். உள்ளே அறுந்திருந்தால் மின்னோட்டமே இருக்காது. நான்கும் நன்றாக இருந்தால், அவற்றுக்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்சான ரிலேயைப் பாருங்கள். அடுத்து டீசல் ஃபில்டரில் தேங்கிய தண்ணீர், அதன்பின் இன்ஜெக்டர் ரிட்டர்ன் சோதனை, அதாவது ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் எவ்வளவு டீசல் திரும்பி வழிகிறது என்று பார்ப்பது.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். பழைய இஞ்சின்களில் செய்வதுபோல, ஓடும்போது இன்ஜெக்டர் குழாய் நட்டைத் தளர்த்திப் பார்க்க யாரையும் விடாதீர்கள். காமன்ரெயிலில் (எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல் போகும் இன்றைய அமைப்பு) ஐடிலிங்கிலேயே அழுத்தம் நூற்றுக்கணக்கான பார் இருக்கும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

ஓம் அளவுகளை எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.